கன்னத்து மச்சமும் கணினி டச்சிங்கும்: வேலூர் ஸ்டூடியோ ஒன்றில் படம் எடுத்துக்கொண்ட அனுபவம்

வேலூர் பழைய பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், தந்தைக்குப் பின் மகனாக இரண்டு தலைமுறையாக நடந்துவரும் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் கடந்த மே மாதம் மூன்று வகையான படங்கள் எடுத்துக்கொண்டேன். குடியாத்தம் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து அந்த மாத இறுதியில் ஓய்வு பெற்றேன். பணி நிறைவுப் பாராட்டு விழாவின் அழைப்பிதழுக்கும் பேனருக்கும் ஒரு படம், அமெரிக்காவில் இருக்கும் மகளைப் பார்க்கப் போவதற்கான விசா விண்ணப்பத்துக்கு ஒரு படம், வீட்டுக் கூடத்தில் மாட்டுவதற்குக் குடும்பத்தோடு ஒரு படம் என்று மூன்று தேவைகளும் ஒன்றாக வந்து சேர்ந்தன. அந்த ஸ்டூடியோவின் வேலையைப் பற்றி எழுதும்போது, தொழில்முறையாக எடுக்கப்பட்ட நம் படத்தில் எவ்வளவு திருத்தம் செய்யலாம், யாரைக் கேட்டுச் செய்யலாம் என்ற கேள்வியைத் தவிர்க்க முடியவில்லை. எனவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். கடையின் பெயரை எழுதவில்லை. அங்கே நடந்த தவறு இன்று பெரும்பாலான ஸ்டூடியோக்களில் அன்றாடம் நடப்பது. அதைத் திருத்திக்கொண்ட ஒருவர் மட்டும் அதற்குப் பெயர் சுமக்கக் கூடாது.

படம் எடுக்கும் திறமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அன்று கத்திரி வெயில். மாடிப்படி ஏறி உள்ளே நுழைவதற்குள் முகமெல்லாம் வியர்த்துப் பளபளத்தது. நாற்பது வயதைத் தாண்டிய உரிமையாளர் உடனே விளக்கைப் போடவில்லை. ஏ.சி. அறையில் பதினைந்து நிமிடம் உட்கார வைத்து, வியர்வை அடங்கியபின் மெல்லிய காகிதத்தால் நெற்றியையும் மூக்கையும் ஒற்றி எடுக்கச் சொன்னார். பவுடர் போடச் சொல்லவில்லை. ஒரு பக்கம் வெளிச்சத்தை மென்மையாக்கும் பெரிய சாஃப்ட்பாக்ஸ் விளக்கு, மறுபக்கம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப ஒரு வெள்ளைத் தெர்மகோல் அட்டை, அவ்வளவுதான் ஏற்பாடு. நான் கட்டியிருந்தது ஆரணிப் பட்டு. பட்டின் சரிகை விளக்கொளியில் வெளுத்துப் போய்விடும் என்பதால் விளக்கைச் சற்று உயர்த்தித் திருப்பினார். விசா படத்துக்குச் சுவரை ஒட்டி நிற்க விடாமல் நான்கடி முன்னால் நிறுத்தினார். பின்னணியில் நிழல் விழாமல் இருக்க அதுவே வழி என்று விளக்கினார். குடும்பப் படத்தில் என் கணவருடைய செவிக் கருவி தெரியுமே என்று மகன் தயங்கியபோது, "ஐயாவையே கேட்டுக்கலாம் தம்பி" என்று சொல்லி, அவரிடமே கேட்டு, அவர் சரியென்றபின் அது தெரியும் கோணத்திலேயே எடுத்தார். கேட்டுச் செய்கிற அந்தப் பழக்கம் படம் எடுக்கும் அறையோடு நின்றுவிடும் என்று அப்போது நான் நினைக்கவில்லை.

மூன்றாம் நாள் படங்களைப் பார்க்கப் போனேன். உரிமையாளர் ஒரு கல்யாண வேலையாக வாலாஜாவுக்குப் போயிருந்தார். கணினியில் வேலை செய்யும் இளைஞர் படத்தைத் திறந்து காட்டினார். திரையில் இருந்த பெண்ணுக்கு என் புடவை, என் மூக்குத்தி, என் சிரிப்பு எல்லாம் இருந்தன. நிறம் மட்டும் இரண்டு படி வெளுத்திருந்தது. கண்ணைச் சுற்றிய சுருக்கங்கள் ஒன்றுகூட இல்லை. இடது கன்னத்தில் இருக்கும் மச்சமும் இல்லை.

அந்த மச்சம் எனக்கு அழகுக்கான ஒன்று அன்று. அது என் அங்க அடையாளம். 1981-ஆம் ஆண்டு எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில், வட ஆற்காடு மாவட்டம் என்று அச்சாகியிருக்கும் பக்கத்தில், 'இடது கன்னத்தில் ஒரு மச்சம்' என்று என் தலைமையாசிரியர் மையால் எழுதியிருக்கிறார். மாவட்டம் 1989-இலும் 2019-இலும் பிரிந்து பெயரும் எல்லையும் மாறிவிட்டன. மச்சம் அதே இடத்தில் இருக்கிறது. என் பணிக் காலத்தில் எத்தனையோ பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளங்களைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டிருக்கிறேன். வலது முழங்கையில் ஒரு தழும்பு, கழுத்தின் பின்புறம் ஒரு மச்சம் என்று எழுதும்போது, இவன் இவன்தான் என்று அரசாங்கத்துக்கு நாம் உறுதி சொல்கிறோம் என்ற உணர்வோடுதான் எழுதினேன். அப்படிப்பட்ட ஒன்று என்னைக் கேட்காமலேயே காணாமல் போயிருந்தது.

அந்த இளைஞரைக் கடிந்துகொள்ளவில்லை. "எல்லாருக்கும் செய்யறதுதான் டீச்சர், செய்யலைன்னாதான் கேப்பாங்க" என்றார் அவர். உண்மையாகவே சொன்னார். கல்யாண ஆல்பத்துக்கு நூற்றுக்கணக்கான படங்களை ஒரே மூச்சில் முடிப்பதற்காகக் கணினியில் முன்கூட்டியே அமைத்து வைத்திருக்கும் தானியங்கித் திருத்தத்தை என் படத்தின் மேலும் ஓட்டியிருக்கிறார். அந்த மென்பொருளுக்குப் பரு என்றும் மச்சம் என்றும் வேறுபாடு தெரியாது. சுற்றியுள்ள தோலைவிட இருண்ட சிறு புள்ளி எதுவானாலும் பக்கத்துத் தோலை எடுத்து அதன் மேல் ஒட்டிவிடும். பரு அடுத்த வாரம் போய்விடும், மச்சம் சாகும்வரை இருக்கும் என்ற வேறுபாட்டை அறிந்தவர் மனிதர்தான், அவர் அங்கே குறுக்கிடவில்லை.

இதைக் கணினி காலத்தின் கோளாறு என்று தள்ளிவிடவும் முடியாது. ஃபோட்டோஷாப் மென்பொருளின் முதல் பதிப்பு வெளிவந்தது 1990-இல். படத்தைத் தொட்டுத் திருத்துவதைக் குறிக்கும் டச்சிங் என்ற சொல் நம் ஊர் ஸ்டூடியோக்களில் அதற்கு வெகு முன்பே புழங்கியது. இதே கடையில் உரிமையாளரின் தந்தை, சாய்மேசை ஒன்றில் நெகட்டிவைப் பொருத்தி, கீழேயிருந்து கண்ணாடி வழியாக வெளிச்சம் வர, ஊசிபோல் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாகத் தொட்டுக்கொண்டிருந்ததைக் கல்லூரிப் பெண்ணாக நான் பார்த்திருக்கிறேன். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் அச்சில் வெளுக்கும். அதனால் அம்மைக் குழியும் கண்ணடிக் கருமையும் மறையும். முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில் சீப்பும் பவுடர் டப்பாவும், ஆணியில் எல்லா ஆண்களுக்கும் பொதுவாக ஒரு கோட்டும் தொங்கும். ஆனால் ஒரு முகத்தைத் தொட அரை மணி நேரம் ஆகும் என்பதால், எதைத் தொடுவது எதை விடுவது என்று கை தானாகவே யோசித்தது. இப்போது ஒரு சொடுக்கில் முடிவதால் யோசிக்கும் அவகாசமே யாருக்கும் கிடைப்பதில்லை.

அந்தப் பழைய டச்சிங்கிலும் எங்கள் குடும்பத்துக்கு ஒரு குறை உண்டு. என் அப்பா காலமான பிறகு, தனியாக அவர் படம் இல்லாததால், ஒரு திருமணக் குழுப் படத்திலிருந்து அவர் முகத்தை மட்டும் பிரித்தெடுத்துப் பெரிதாக்கினோம். அது வேறு ஊரில், வேறு கடையில். சிறு வயதில் பெரியம்மை கண்டு பிழைத்தவர் அவர். முகம் முழுவதும் தழும்பு. மாலை போட்டு மாட்டிய படத்தில் ஒரு தழும்புகூட இல்லை. அம்மா அந்தப் படத்துக்குத் தினமும் விளக்கேற்றினாள், ஆனால் அவரோடு பேச வேண்டும் என்று தோன்றினால் பெட்டியிலிருந்து அந்தச் சிறிய குழுப் படத்தைத்தான் எடுத்துவைத்துக்கொள்வாள். அவரைப் பார்த்திராத என் பிள்ளைகளுக்குத் தாத்தா என்றால் சுவரில் இருக்கும் வழுவழுப்பான முகம்தான். இந்தியாவில் பெரியம்மையின் கடைசித் தொற்று 1975-இல் பதிவானது என்றும், 1977-இல் நாடு அந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது என்றும் வகுப்பில் பாடம் நடத்தியிருக்கிறேன். அந்த நோயை எங்கள் வீட்டிலேயே வென்றவர் முகத்தில் அதன் சாட்சி இல்லாமல் செய்துவிட்டோம்.

விசா படத்தில் இந்தப் பிழை மனக்குறையோடு நிற்காது. அமெரிக்க விசாவுக்கான படம் 2 அங்குலத்துக்கு 2 அங்குலம். உச்சந்தலையிலிருந்து மோவாய் வரை படத்தின் உயரத்தில் 50 முதல் 69 விழுக்காடு இருக்க வேண்டும். கடந்த 6 மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். 2016 நவம்பர் 1 முதல் கண்ணாடி அணிந்த படத்தை ஏற்பதில்லை. தோற்றத்தை மாற்றும் எந்தக் கணினித் திருத்தமும் கூடாது என்பதும் அந்த விதிகளில் தெளிவாகவே இருக்கிறது. ஜெர்மனி இன்னும் ஒரு படி மேலே போய், இரண்டு முகங்களைக் கலந்து ஒரே படமாக்கி ஏமாற்றுவதைத் தடுக்க, 2025 மே முதல் தன் குடிமக்களின் பாஸ்போர்ட்டுக்குக் காகிதப் படத்தையே வாங்குவதை நிறுத்திவிட்டது. நம் நாட்டுப் பாஸ்போர்ட் சேவை மையங்களிலும் பெரியவர்களுக்கு அங்கேயே வைத்துப் படம் எடுத்துவிடுகிறார்கள். இப்படியிருக்க, எனக்குத் தயாரித்து வைத்திருந்த விசா படத்தில் மச்சம் மட்டும் இல்லாமல் போகவில்லை, முப்பது ஆண்டுகளாகக் கண்ணாடி அழுத்தி மூக்கின் இருபுறமும் பதிந்த தடமும் அழிக்கப்பட்டிருந்தது. நான் கவனிக்காமல் பதிவேற்றியிருந்தால், சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் அதிகாரியின் முன் நிற்கும்போது என் முகத்துக்கு நானே விளக்கம் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

பொதுத்தேர்வு மையத்தில் இதன் விளைவை நேரில் கண்டிருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் மாணவரின் படம் அச்சிட்ட முகப்புத் தாள் விடைத்தாளோடு தைக்கப்பட்டு வரும். வேறு பள்ளியிலிருந்து வந்திருந்த அறைக் கண்காணிப்பாளர் ஒருவர், ஒரு மாணவியின் முகமும் தாளில் உள்ள படமும் ஒத்துப்போகவில்லை என்று என்னை அழைத்தார். கறுத்த, களையான முகம் அந்தப் பெண்ணுக்கு; படத்தில் இருந்ததோ சுண்ணாம்பு பூசியது போன்ற வேறு முகம். ஸ்டூடியோவில் அவளைக் கேட்காமல் செய்தது அது. நான் அவளை அறிந்தவள் என்பதால் உறுதி சொல்லிச் சில நிமிடங்களில் முடித்துவிட்டேன். ஆனால் தேர்வு தொடங்கும் நேரத்தில், நாற்பது பேர் பார்க்க, 'இது நீதானா' என்று கேட்கப்பட்ட அந்தப் பிள்ளை அன்று எப்படித் தேர்வு எழுதியிருப்பாள் என்பது இன்றுவரை என்னை உறுத்துகிறது. நிறத்தை ஏற்றிக் கொடுப்பதை அன்பளிப்பாக நினைக்கும் ஸ்டூடியோக்காரர்கள், 'உன் நிறம் படத்துக்கு ஆகாது' என்று அந்தப் பிள்ளைகளிடம் சொல்லாமல் சொல்கிறார்கள். இதை நான் சிறு தவறாக எண்ணவில்லை.

நான் படங்களைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் உரிமையாளரே தொலைபேசியில் அழைத்து வரச் சொன்னார். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, திருத்தம் செய்யாத மூலக் கோப்பிலிருந்து எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கினார். இந்த ஒன்றரை மணி நேரத்துக்காகவே இந்தக் கடையைப் பரிந்துரைக்கிறேன். முதலில் நிறம். விளக்கின் தன்மையால் படம் சற்று மஞ்சளாகவோ நீலமாகவோ வருவது இயல்பு. அதைச் சரிசெய்ய, படம் எடுக்கும்போதே சாம்பல் நிற அட்டை ஒன்றை முகத்தருகே பிடித்து எடுத்த படத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டார். பிறகு சன்னலோரம் என் புறங்கையை நீட்டச் சொல்லி, திரையில் உள்ள கையோடு ஒப்பிட்டார். நிறத்தைச் சரிசெய்வதும் நிறத்தை மாற்றுவதும் வேறு வேறு வேலைகள் என்பதை அவர் கையே காட்டியது. அடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். காதோரம் பறந்த முடியை எடுக்கலாமா? எடுக்கலாம் என்றேன். மோவாயில் அந்த வாரம் வந்திருந்த பரு? அதையும் எடுக்கச் சொன்னேன். புடவைத் தலைப்பில் இருந்த மடிப்பு? விட்டுவிடச் சொன்னேன். கண்ணோரச் சுருக்கம் என்று கேட்டபோது சற்று யோசித்தேன். அழைப்பிதழில் என் படத்தைப் பார்க்கப்போகிறவர்கள், முப்பத்து நான்கு ஆண்டுகளில் அந்தச் சுருக்கங்கள் வந்ததைப் பக்கத்திலிருந்தே பார்த்தவர்கள். அப்படியே இருக்கட்டும் என்றேன். விசா படத்தில் அளவுக்கு வெட்டியதைத் தவிர எதையும் தொடவில்லை.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது வங்காளத்திலிருந்து வந்த ஒரு தம்பதி உள்ளே வந்தார்கள். சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காள எழுத்தில் பெயர்ப்பலகை வைத்த கடைகளைப் பார்த்தவர்களுக்கு, அப்படிப்பட்டவர்கள் வேலூருக்கு எவ்வளவு பேர் வருகிறார்கள் என்பது தெரியும். அந்த அம்மாவுக்குச் சிகிச்சையில் முடி முழுவதும் உதிர்ந்திருந்தது. தலையில் துணி கட்டியிருந்தார். ஊருக்குத் திரும்பும்முன் கணவரோடு ஒரு படம் வேண்டும், ஆனால் அதில் முன்பு இருந்த முடி வேண்டும் என்று, கைப்பேசியில் இருந்த பழைய படம் ஒன்றைக் காட்டி இந்தியில் கேட்டார். உரிமையாளர் ஒரு வார்த்தை மறுக்காமல் ஒப்புக்கொண்டார். என் மச்சத்தைத் திரும்ப வைத்துக்கொண்டிருந்த அதே கணினியில் அந்த அம்மாவுக்கு முடி வரப்போகிறது. இரண்டில் ஒன்று சரி, மற்றது தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தப் படம் எந்த அலுவலகத்துக்கும் போகப்போவதில்லை. அவர்கள் வீட்டுக்குப் போகிறது. கேட்டவர் அந்த முகத்துக்கு உரியவர். அவர் கேட்காமல் ஸ்டூடியோவே முடி வைத்துக் கொடுத்திருந்தால் அது கொடுமையாக இருந்திருக்கும்.

கேட்டுச் செய்யும் கடமை படம் எடுத்தவருக்கு மட்டும் உரியதா என்ற கேள்வி அடுத்த வாரமே என் வீட்டுக்குள் வந்தது. குடும்பப் படத்தைப் பென் டிரைவில் வாங்கி வந்ததும், என் தங்கை மகன் அதைக் கைப்பேசிச் செயலி ஒன்றில் போட்டு, எல்லோர் முகத்தையும் வழுவழுப்பாக்கி, பின்னணியை ஊதா நிறமாக்கி, வாட்ஸ்அப்பில் பரப்பிவிட்டான். மூலையில் ஸ்டூடியோவின் பெயர் அப்படியே இருந்தது. அதைப் பார்த்த உறவினர் ஒருவர் அதே கடைக்குப் போய், "எங்க அக்காவுக்குப் போட்ட மாதிரி ஊதா கலர்ல வேணும்" என்று கேட்டிருக்கிறார். உரிமையாளர் என்னை அழைத்து, கோபமில்லாமல், "என் பேரைமட்டும் எடுத்திருக்கலாம் டீச்சர்" என்றார். என் முகத்தைக் கேட்காமல் மாற்றியதற்கு நான் எப்படி வருந்தினேனோ அப்படியே அவரும் வருந்தினார். அவர் விளக்கைத் திருப்பியதும், தெர்மகோல் அட்டையை அங்குலம் அங்குலமாக நகர்த்தியதும் அவருடைய கைவேலை. அதன்மேல் வேறொருவர் பூசியது அவர் பெயரில் ஊர் சுற்றியது.

சட்டமும் இங்கே இரு தரப்பையும் பார்க்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டு எடுக்கச் செய்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டால், கேட்டவரே முதல் உரிமையாளர். ஆனால் அதே சட்டம் படம் எடுத்தவரையே அதன் படைப்பாளி என்கிறது. உரிமை வேறொருவரிடம் இருந்தாலும், தன் பெயருக்கும் மதிப்புக்கும் கேடு வரும்படி படைப்பைச் சிதைப்பதைத் தடுக்கக் கோரும் உரிமையை 57-ஆம் பிரிவு படைப்பாளிக்குத் தருகிறது. ஆகவே பணம் கொடுத்தோம், என்ன வேண்டுமானாலும் செய்வோம் என்று பேசுவது சரியில்லை. பில்லின் பின்புறம் ஒப்பந்த வரிகள் ஏதேனும் இருந்தால் படித்துக்கொள்வதும் நல்லது. என்னளவில், சுயவிவரப் படத்துக்காக ஓரத்தை வெட்டிக்கொள்வதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. கறுப்பு வெள்ளையாக்க விரும்பினால் எடுத்தவரையே செய்து தரச் சொல்வேன், அது அவருக்கு என்னைவிட நன்றாக வரும். முகத்தையோ ஒளியையோ மாற்றும் செயலிகளை அவர் பெயர் உள்ள படத்தின் மேல் ஓட்ட மாட்டேன். தங்கை மகனிடம் இதைப் பொறுமையாகச் சொன்னேன். "சாரி பெரிம்மா, அவர் பேர் இருந்ததைப் பாக்கல" என்று சொல்லி அன்றே நீக்கிவிட்டான்.

மற்ற விவரங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று வகைப் படங்களுக்கும் 12க்கு 18 அளவில் ஒரு ஃபிரேமுக்கும் சேர்த்து 3,400 ரூபாய் ஆனது. வேலைக்கு அது நியாயமான தொகை. மறுபடி செய்த திருத்தத்துக்கு எதுவும் வாங்கவில்லை. சொன்ன தேதிக்கு இரண்டு நாள் தாமதமாகத்தான் ஃபிரேம் கிடைத்தது. முதல் அச்சு திரையில் பார்த்ததைவிடச் சற்று இருண்டிருந்ததால் மீண்டும் அச்சிட்டுத் தந்தார்கள். மாடிப்படி செங்குத்தாக இருக்கிறது, லிஃப்ட் இல்லை. முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் யோசித்துக்கொள்ள வேண்டும். வண்டி நிறுத்த இடம் கிடையாது.

ஜூன் மாதம் விசா படத்தின் கூடுதல் பிரதிகள் வாங்கப் போனபோது, பில் புத்தகத்தில் தொகைக்கு மேலே 'டச்சிங்' என்று புதிதாக ஒரு வரி அச்சிட்டிருந்தார்கள். அந்த இளைஞர் ஒரு கல்லூரி மாணவியிடம், நெற்றித் தழும்பை என்ன செய்யலாம் என்று கேட்டு, அவள் சொன்ன பதிலை அந்த வரியில் எழுதிக்கொண்டிருந்தார். அந்த மாணவியின் முறை முடிந்து என் பக்கம் திரும்பியவர், இனி கண்ணாடி போட்ட வாடிக்கையாளர்களுக்கு ஒரு யோசனை சொல்லப்போவதாகச் சொன்னார். படம் எடுக்க வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டால் மூக்கின் மேலுள்ள தடம் பெருமளவு தானாகவே மங்கிவிடுகிறதாம். விசா படம் எடுக்கப் போகிறவர்கள் அப்படியே செய்யுங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் கூட்டம் அதிகம், காலை பத்தரை மணிக்குப் போனால் உரிமையாளரே இருப்பார்.